டிஸ்க் கால்ஃப்: வெட்டவெளிக் கோளாறுகளும் கைவைத்தியமும்

டல்லாஸுக்கு வடக்கே நாங்கள் குடியிருக்கும் பகுதியின் பூங்காவில் ஒன்பது கூடைகள் நிற்கின்றன. டீ என்னும் தொடக்க இடத்திலிருந்து பறக்கும் தட்டை (டிஸ்கை) வீசி, சங்கிலி தொங்கும் கூடைக்குள் குறைந்த வீச்சுகளில் சேர்ப்பதுதான் டிஸ்க் கால்ஃப். ஒவ்வொரு கூடைக்குமான ஆட்டம் ஒரு ஹோல், எல்லாம் சேர்ந்தது ஒரு கோர்ஸ். ஒரு பக்கம் சாக்கர் மைதானம், இன்னொரு பக்கம் மழைநீர் தேங்கும் குளம், குறுக்கே நடைபாதை. மரம் என்று எண்ணினால் ஏழெட்டு தேறும். கட்டணம் கிடையாது. இருப்பதிலேயே நீளமான ஹோல்கூட 300 அடிக்குள்தான். "இதுல என்ன இருக்கு" என்று சொல்லிக்கொண்டுதான் எல்லோரும் வருகிறார்கள். மூன்றாவது ஹோல் முடிவதற்குள் தோள்வலி, வாய்ச்சண்டை, குளத்தில் ஒரு டிஸ்க்.

மரங்களுக்கு நடுவே ஆடினால் பழியை மரத்தின் மேல் போட்டுவிடலாம். இங்கே அது நடக்காது. கையை விட்ட நொடியில் டிஸ்க் எந்தச் சாய்வில் இருந்ததோ, அதை வானத்தில் கோடு போட்டுக் காட்டிவிடும். கோளாறைக் கண்டுபிடிக்க இதைவிட வசதியான இடம் இல்லை. அதனால்தான் அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

கீழே சொல்வதெல்லாம் வலது கையால் பேக்ஹேண்ட் வீசுபவர்களுக்கு, அதாவது மார்புக்குக் குறுக்கே இழுத்து வீசுபவர்களுக்கு. இடது கைக்காரர்கள் இடத்தை வலமாக்கிப் படிக்கவும். ஃபோர்ஹேண்ட் வீசும் வலது கைக்காரர்களுக்கும் அப்படியே. ஃபோர்ஹேண்ட் என்பது பாயிண்டில் நிற்கும் ஃபீல்டர் பந்தைப் பொறுக்கிப் பக்கவாட்டில் விசுக்கென்று எறிவாரே, அந்த வீச்சு. டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆடி வளர்ந்த நம் ஆட்களுக்கு இதுதான் முதலில் கைவரும்.

ஒரு நாளில் ஒரு கோளாறை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிடி, கால், இடுப்பு மூன்றையும் ஒரே சுற்றில் மாற்றினால் எது குணமாக்கியது என்றே தெரியாது.

எப்படி வீசினாலும் கடைசியில் இடப்பக்கம் ஓடுகிறது

புதிதாக வருபவர்களிடம் நான் அதிகம் கேட்ட புகார் இதுதான். ஓரளவு இடப்பக்கம் சாய்வது கோளாறே அல்ல. பேக்ஹேண்டில் வீசிய டிஸ்க், மேலிருந்து பார்த்தால், கடிகார முள் போகும் திசையில் சுழல்கிறது. வேகம் குறையக் குறைய இடப்பக்கம் சாய்ந்து இறங்கும். இதை ஃபேட் என்பார்கள். கடைசி இருபதடியில் சாய்ந்தால் அதைக் கணக்கில் சேர்த்துக் கொஞ்சம் வலப்பக்கமாகக் குறிவையுங்கள், போதும். பாதி வழியிலேயே வெட்டிக்கொண்டு போனால்தான் வைத்தியம்.

அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது கையை அல்ல, டிஸ்கின் முதுகை. பெரும்பாலான டிஸ்குகளில் நான்கு எண்கள் அச்சிட்டிருக்கும்: ஸ்பீடு, கிளைடு (மிதப்பு), டர்ன் (வேகமாகப் போகும்போது வலப்பக்கம் சாய்வது; மைனஸ் என்றால் அந்தச் சாய்வு உண்டு), ஃபேட் (கடைசியில் இடப்பக்கம் சாய்வது). ஸ்பீடு 12 என்று பார்த்ததும் வேகமாகப் போகும் என்று ஆசைப்பட்டு வாங்குகிறோம். உண்மையில் அது ஒரு நிபந்தனை. அவ்வளவு வேகத்தை உங்கள் கை கொடுத்தால்தான் மற்ற மூன்று எண்களும் சொன்னபடி நடக்கும். இன்னோவா நிறுவனத்தின் டெஸ்ட்ராயர் என்ற டிஸ்கை எடுத்துக்கொள்ளுங்கள்: 12, 5, -1, 3. 180 அடி வீசும் கை அதை வீசினால் நடுவில் வர வேண்டிய -1 வரவே வராது. கடைசியில் வர வேண்டிய 3 முதல் நொடியிலேயே வந்துவிடும். அதே கையில் லெப்பர்ட் (6, 5, -2, 1) நேராகப் போகும். டிஸ்கிராஃப்ட் நிறுவனத்தின் பஸ் (Buzzz: 5, 4, -1, 1) இன்னும் நேராகப் போகும். அவியார் போன்ற புட்டர், அதாவது கூடையருகே வீசும் மெதுவான டிஸ்க் (2, 3, 0, 1), தூரம் குறைந்தாலும் சொன்ன பேச்சைக் கேட்கும்.

சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் அல்டிமேட் (பறக்கும் தட்டை வைத்து இரண்டு அணிகள் ஆடும் ஆட்டம்) ஆடிவிட்டு வந்த ஒரு தம்பி கேட்டார்: "அண்ணா, அங்க நேராப் போச்சே, இங்க மட்டும் ஏன் இப்படி?" அல்டிமேட்டின் 175 கிராம் தட்டுக்கு விளிம்பு உருண்டையாக இருக்கும், மெதுவாக வீசினாலும் மிதக்கும். 1983-இல் டேவ் டுனிபேஸ் விளிம்பைச் சரித்துக் கூராக்கிய டிஸ்கைக் கொண்டுவந்த பிறகு டிஸ்க் கால்ஃப் தட்டுகள் வேறு சாதியாகிவிட்டன. கூர் விளிம்பு காற்றைக் கிழித்துக்கொண்டு தூரம் போகும். ஆனால் வேகமும் சுழற்சியும் போதாவிட்டால் மன்னிக்காது.

மருந்து: ஸ்பீடு 7-க்கு மேலுள்ள எல்லாவற்றையும் ஒரு மாதம் காரிலேயே வைத்துவிடுங்கள். ஒரு புட்டர், ஒரு மிட்ரேஞ்ச் (பஸ் போன்ற நடுத்தூர டிஸ்க்). 300 அடிக்குள் இருக்கும் கோர்ஸுக்கு இவை தாராளம். வெயில் காலத்தில் காரில் வைக்காதீர்கள், வீட்டிலேயே வையுங்கள். டெக்சஸ் ஆகஸ்டில் பூட்டிய காருக்குள் விலை குறைந்த பிளாஸ்டிக் அப்பளம் போல வளைந்துவிடும். வளைந்ததை வெந்நீரில் காட்டிச் சமதளத்தில் வைத்து, மேலே கனமான புத்தகத்தை ஏற்றி ஆறவிட்டால் ஓரளவு சரியாகும்.

மேலே ஏறுகிறது, நிற்கிறது, செத்து விழுகிறது

இதையும் மேலே சொன்ன கோளாறையும் பலர் ஒன்றாக்கிவிடுகிறார்கள், ஏனென்றால் இதுவும் கடைசியில் இடப்பக்கம்தான் விழும். வித்தியாசம் உயரத்தில் இருக்கிறது. டிஸ்க் தென்னைமரம் ஏறுவது போல ஏறி, உச்சியில் ஒரு கணம் தயங்கி, பிறகு சரிந்தால், அதன் மூக்கு தூக்கியிருந்தது என்று பொருள். மூக்கு என்பது இலக்கை நோக்கிய முன் விளிம்பு. அது சற்றே மேலே பார்த்தாலும் காற்று அடிவயிற்றில் மோதி பிரேக் போடும். திறந்தவெளியில் எதிர்காற்றும் சேர்ந்தால் பட்டம் போல மேலேயே போகும்.

உறுதி செய்ய நண்பரைப் பக்கவாட்டில் நிறுத்தி, ஃபோனில் ஸ்லோமோஷனில் எடுக்கச் சொல்லுங்கள். கையை விட்ட நொடியில் டிஸ்கின் முன் விளிம்பு பின் விளிம்பைவிட உயர்ந்து தெரிந்தால் வழக்கு முடிந்தது.

காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். மணிக்கட்டு மேல்நோக்கி வளைந்திருக்கலாம். டிஸ்க் உள்ளங்கையில் உட்காராமல் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருக்கலாம். அல்லது உயரம் வேண்டும் என்று உடம்பைப் பின்னால் சாய்த்து வீசியிருக்கலாம்.

மணிக்கட்டுக்கு: குளிக்கும் மக்கில் தண்ணீரை மொண்டு வாளியில் ஊற்றும்போது மணிக்கட்டு முன்பக்கம் தாழுமே, அதே சாய்வில் டிஸ்கைப் பிடியுங்கள். கட்டைவிரல் மேலே அழுத்தட்டும். முதல் பத்து வீச்சு தரையைப் பார்த்துப் போவது போல பயமாக இருக்கும். போகாது. கண்ணாடிக்கு முன் நின்று மெதுவாக இழுத்துப் பார்த்தால் கைக்குப் பழகிவிடும். எனக்கு இந்தச் சாய்வு பிடிபட இரண்டு வாரம் ஆனது. பிடிபட்ட அன்று, கையில் கூடுதல் வேகம் எதுவும் இல்லாமலே, வழக்கமாக நடைபாதைக்கு இப்பால் விழும் டிஸ்க் அப்பால் விழுந்தது. தூரம் வேண்டும் என்று புது டிரைவர் (தூர வீச்சுக்கான வேக டிஸ்க்) வாங்கப் போகிறவர்கள் முதலில் மூக்கைச் சோதித்துவிட்டு அப்புறம் பர்ஸைத் திறக்கலாம்.

உயரம் தேவைப்பட்டால்? கை பயணிக்கும் கோட்டையே மேல்நோக்கி மாற்றுங்கள், தோளைச் சற்றுச் சாய்த்து. டிஸ்க் அந்தக் கோட்டின் மேல் படுத்தபடி போக வேண்டும். கோடு ஏறலாம், கோட்டுக்கு மேல் மூக்கு ஏறக்கூடாது.

வலப்பக்கம் போகிறது

இங்கே இரண்டு நோய்கள் ஒரே காய்ச்சலோடு வரும்.

கையை விட்டபோதே வலப்பக்கம் பாய்ந்தால், தாமதமாக விட்டிருக்கிறீர்கள். இழுக்கும்போது டிஸ்க் மார்பை ஒட்டி நேர்கோட்டில் வராமல் வயிற்றைச் சுற்றி வளைந்து வந்தால் இப்படி ஆகும். முழங்கையை முன்னே விட்டு, டிஸ்கை மார்புக்குக் குறுக்கே, கயிற்றை இழுப்பது போல நேராக இழுங்கள். சாக்கர் மைதானத்தில் குழந்தைகள் ஆடும் நேரத்தில் இந்த நோய் உள்ளவர்கள் டீயில் இருந்து ஃபோர்ஹேண்ட் போடுவது உத்தமம். (நேர் எதிராக, கையை விட்டதுமே இடப்பக்கம் போனால் சீக்கிரம் நழுவிவிட்டது. அநேகமாக வியர்வை. ஒரு துண்டு வைத்துக்கொள்ளுங்கள். காலைப் பனியில் நனைந்த புல்லுக்கும் அதே துண்டு.)

நேராகப் போய், பிறகு வலப்பக்கம் கவிழ்ந்து தரையில் உருண்டால் கதை வேறு. விடும்போது டிஸ்கின் வலப்பக்கம் தாழ்ந்திருந்தது, அல்லது உங்கள் வேகத்துக்கு அந்த டிஸ்க் மிகவும் இளகியது, அதாவது எளிதில் வலப்பக்கம் சாய்வது, அல்லது எதிர்காற்று. பழைய டிஸ்க் அடிபட்டு அடிபட்டு இப்படி இளகும். தூக்கிப் போடாதீர்கள், வலப்பக்கம் வளைய வேண்டிய ஹோலுக்கு அதுவே கை கொடுக்கும்.

தலையாட்டிக்கொண்டே போகிறது

பம்பரத்துக்குச் சாட்டையைத் தளர்வாகச் சுற்றிவிட்டால் தலையாட்டும் இல்லையா, அதேதான். சுழற்சி போதவில்லை, அல்லது டிஸ்க் ஒரு தளத்திலும் கை இன்னொரு தளத்திலும் போகிறது. ஓடிவந்து வீசுவதை நிறுத்துங்கள். நின்ற இடத்திலிருந்து, புட்டரை, பாதி பலத்தில், நூறடிக்கு மட்டும். கடைசி நொடியில் பிடி இறுக வேண்டும். தொடக்கத்திலிருந்தே இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு விறைத்துச் சொடுக்கு போய்விடும். ஃபோர்ஹேண்ட் தலையாட்டினால், பெரும்பாலும் கையை விட்டதும் உள்ளங்கையைக் கவிழ்க்கிறீர்கள். உள்ளங்கை வானத்தைப் பார்த்தபடியே முடியட்டும்.

நேற்று நன்றாகப் போன அதே ஹோல் இன்று பேய் பிடித்தாற்போல் ஆடுகிறது

காற்று. வடக்கு டெக்சஸில் தெற்குக் காற்று பெரும்பாலான நாள் அடிக்கும், வசந்த காலத்தில் தொப்பியைப் பறிக்கும். மரமில்லாத கோர்ஸின் ஒரே தடுப்பு அரண் காற்றுதான் என்பது என் கட்சி. வீசும் முன் கொஞ்சம் புல்லைக் கிள்ளி மேலே விட்டுப் பாருங்கள். குளத்தின் அந்தக் கரையில் கொடி ஏதாவது பறந்தால் அதையும் பாருங்கள். டீயில் ஒரு காற்று, கூடையருகே ஒரு காற்று இருப்பதுண்டு.

எதிர்காற்றில் டிஸ்க், தான் போகும் வேகத்தைவிட அதிக வேகத்தில் போவதாக நினைத்துக்கொள்கிறது. அதனால் வலப்பக்கம் கவிழப் பார்க்கும், மேலேயும் ஏறும். பதற்றத்தில் நாம் செய்வது இன்னும் பலமாக வீசுவது, அது எரியும் நெருப்பில் எண்ணெய். நிதானமாக, தாழ்வாக, இடப்பக்க விளிம்பைச் சற்றே சாய்த்து, ஃபேட் எண் கூடுதலாக உள்ள டிஸ்கை வீசுங்கள். அப்படிச் சாய்த்து விடுவதுதான் ஹைஸர். காற்று அதை நிமிர்த்த, டிஸ்க் நேராகப் போகும். தரைக்கு அருகே காற்றின் பலம் குறைவு என்பதால் தலை உயரத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் பாதி வெற்றி.

பின்காற்று நண்பன் போல் தெரியும், ஆனால் டிஸ்கைத் தாங்கும் காற்றைக் குறைத்துவிடும். சீக்கிரம் இறங்கும், இடப்பக்கமும் சீக்கிரம் சாயும். மிதக்கும் டிஸ்கை எடுத்து வழக்கத்தைவிட உயரமாக வீசுங்கள்.

பக்கக் காற்றுதான் ரொம்பப் பேரைக் குழப்புகிறது. ஹைஸரில் வீசிய டிஸ்கின் முதுகு இடப்பக்கம் பார்க்கிறது, வயிறு வலப்பக்கம். இடமிருந்து அடிக்கும் காற்று முதுகில் அழுத்தித் தரையில் சாத்தும். வலமிருந்து அடிக்கும் காற்று வயிற்றில் பட்டுத் தூக்கிக்கொண்டு இடப்பக்கம் போய்க்கொண்டே இருக்கும். எங்கள் ஐந்தாவது ஹோலில் இடப்பக்கம் குளம், ஒரு நாள் காற்று வலமிருந்து அடித்தது. நான் எவ்வளவு வலப்பக்கம் குறிவைத்தேன் என்பது முக்கியமில்லை, போதவில்லை என்பதுதான் முக்கியம். அப்படிப்பட்ட நாளில் டிஸ்கை முடிந்தவரை தட்டையாக, தாழ்வாக விடுங்கள். காற்றுக்கு அதன் வயிறு தெரியக் கூடாது.

சங்கிலியில் பட்டுத் திரும்பி விழுகிறது, அல்லது சங்கிலி வரை போகவே இல்லை

கூடையை உருவாக்கிய எட் ஹெட்ரிக்கின் பெயரைச் சொல்லி நொந்துகொள்ளும் தருணம் இது. 1975-இல் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் அவர் முதல் நிரந்தரக் கோர்ஸை அமைத்தபோது வெறும் கம்பங்கள்தான் இலக்கு. சங்கிலியும் கூடையும் பிறகு வந்தன. சங்கிலியின் வேலை டிஸ்கின் வேகத்தைத் தின்று கீழே போடுவது. மிக வேகமாகப் போனால் தின்ன முடியாமல் துப்பும். ஓரத்தில் பட்டாலும் துப்பும். வலது கைக்காரர்களுக்கு இடப்பக்க ஓரம் ஏமாற்றும் பக்கம். கம்பத்துக்குச் சற்று வலப்பக்கம் குறிவைப்பவர்கள் அதிகம்.

குறி என்றால் கூடை அல்ல. சங்கிலியில் ஒரே ஒரு வளையம். கூடையைப் பார்த்து வீசினால் கூடைக்கருகே விழும்.

குறைந்து விழுவது தொழில்நுட்பக் கோளாறு அல்ல, பயம். தவறினால் பின்னால் இருபதடி ஓடிவிடுமே என்ற பயத்தில் கை சுருங்குகிறது. வைத்தியம் மந்தமானதுதான்: ஐந்து மீட்டரில் நின்று, கால்களின் பலத்தால், தினம் ஐம்பது வீச்சு. காற்றடிக்கும் நாளில் எதிர்காற்றுப் புட் (கூடைக்குள் போடும் வீச்சு) உயரும், பின்காற்றுப் புட் இறங்கும், அதற்கேற்ப வளையத்தை மாற்றுங்கள்.

பத்து மீட்டருக்குள் புட் செய்தால், விட்ட பிறகு முன்னால் விழாமல் நிலையாக நின்று காட்டிவிட்டுத்தான் நடக்க வேண்டும். எங்கள் கூட்டத்தில் சண்டைகள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்கும். இன்னொரு சண்டை, டிஸ்க் கூடையின் தலைமேல் போய் உட்கார்ந்தால் கணக்கா என்பது. கணக்கில்லை. கூடையின் கம்பிக்குள் வெளியிலிருந்து செருகிக்கொண்டாலும் இல்லை. மேல் வளையத்துக்கும் கீழ்க்கூடைக்கும் நடுவே உள்ளே நுழைந்து, சங்கிலியிலோ கீழ்க்கூடையிலோ தங்க வேண்டும்.

அழகாக விழுந்தது, பிறகு எழுந்து உருண்டு போய்விட்டது

விளிம்பில் விழுந்தால் உருளும், அதிலும் கோடையில் காய்ந்து இறுகிய கரிசல் மண்ணில் கார்ச் சக்கரம் போல உருளும். கூடை சரிவில் இருந்தால் நேராகக் குறிவைக்காமல் மேட்டுப் பக்கம் தட்டையாக இறக்குங்கள். குளத்துக்கருகே மிட்ரேஞ்சைவிடப் புட்டர் நல்லது, விழுந்த இடத்தில் உட்காரும். போய்விட்டதா? தண்ணீருக்கு ஒரு வீச்சு அபராதம். டிஸ்க் எல்லையைக் கடந்த இடத்திலிருந்து ஒரு மீட்டர் உள்ளே வந்து ஆடலாம்.

வெட்டவெளியிலும் டிஸ்க் தொலைகிறது

நம்ப முடியாது, ஆனால் தொலையும். நடந்து போகும்போது பேசிக்கொண்டே போவதுதான் காரணம். விழுந்த இடத்துக்குப் பின்னால் ஒரு அடையாளத்தை, குப்பைத்தொட்டியோ விளக்குக் கம்பமோ, பிடித்துக்கொண்டு அதே கோட்டில் நடங்கள். குளிர்காலத்தில் பெர்முடா புல் வைக்கோல் நிறமாகும்போது மஞ்சள், ஆரஞ்சு மறைந்துவிடும். பச்சை எப்போதும் தொலையும். நல்ல பிங்க் எல்லாப் பருவத்திலும் கண்ணில் குத்தும், கூச்சப்பட வேண்டாம். அடியில் மார்க்கரால் ஃபோன் நம்பர் எழுதிவையுங்கள். திருப்பித் தருபவர்கள் இருக்கிறார்கள். முறையான ஆட்டத்தில் தேட மூன்று நிமிடம்தான்.

தேடும்போது மண்மேட்டில் கால் வைக்காதீர்கள். மழை பெய்த மறுநாள் எழும்பும் சிறு மண்குவியல்கள் நெருப்பெறும்புப் புற்றுகள். பையையும் அதன் மேல் வைக்காதீர்கள். இதற்கு அனுபவம் தேவையில்லை, என்னிடம் இருக்கிறது.

நடைபாதையில் ஆள் வருகிறார்கள்

காத்திருங்கள். பூங்கா அவர்களுடையதும்தான், அவர்களுக்கு இது விளையாட்டு என்றே தெரியாது. தவறி அவர்கள் பக்கம் போனால் "ஃபோர்!" (கால்ஃபில் எச்சரிக்கைக் கூவல்) என்று கத்துங்கள். தமிழில் கத்தினாலும் திரும்பிப் பார்ப்பார்கள், சத்தம்தான் முக்கியம்.

எது என் கூடை என்றே தெரியவில்லை

மரமில்லாத கோர்ஸின் தனி வியாதி. டீயில் நின்றால் நாலு கூடை கண்ணில் படும். முதல் நாள் நான் இரண்டாவது டீயில் இருந்து ஏழாவது கூடைக்கு வீசி, இரண்டே வீச்சில் முடித்து, கைதட்டலும் வாங்கினேன். டீயருகே உள்ள பலகையில் வரைபடம் இருந்தால் பாருங்கள், இல்லையென்றால் யூடிஸ்க் ஆப்பில் பெரும்பாலான கோர்ஸ்களின் வரைபடம் இருக்கும். கூடையின் மேல் வளையத்தில் எண் இருக்கும். முடித்துவிட்டு அடுத்த டீயைத் தேடும்போது கூடையின் அடித்தட்டைக் குனிந்து பாருங்கள். பல கோர்ஸ்களில் கம்பியில் ஒரு வண்ண டேப்போ அம்புக்குறியோ கட்டியிருப்பார்கள். அது இருக்கும் பக்கம் நடந்தால் அடுத்த டீ.